வலிப்பு நின்ற பிறகும் கவனம் தேவை

வானொலியில் எங்களுக்கு ஒவ்வொரு விநாடியும் கணக்கு. காய்ச்சலில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் உங்களுக்கும் அப்படித்தான். கையும் ஓடாது, காலும் ஓடாது. ஆனாலும் கடிகாரத்தைப் பாருங்கள்.

6 மாதம் முதல் 5 வயது வரை வரும் காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் நின்று, பிள்ளை விரைவில் தெளிந்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

5 நிமிடம் தாண்டினாலோ, நின்ற பிறகும் பிள்ளை மயங்கியே கிடந்தாலோ மூளை பாதிப்பாக இருக்கலாம். உடனே அழையுங்கள்: மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

ஜப்பானில் அதிகம் பதிவான ஒருவகை மூளை பாதிப்பில், முதல் ஸ்கேன் சரியாகவே தெரியலாம்; பிள்ளையும் தேறியதுபோல் இருக்கும். 4 முதல் 6 நாளில் வலிப்பு திரும்பும். எனவே வீடு வந்த பின்னும் ஒரு வாரம் கண்காணியுங்கள்.

எத்தனை நிமிடம்? எப்போது தெளிந்தது? மருத்துவருக்கு அந்தப் பதிலை நீங்கள்தான் தர முடியும்.