காட்டாராய்ச்சி உபகாரச் சம்பளமும் அதன் நிதியும்

மெராந்தி மரம் ஆண்டுதோறும் பூப்பதில்லை. மலாயாத் தீபகற்பத்திலும் போர்னியோவிலும் அதுவும் அதன் இனத்து மரங்களும் சில ஆண்டுகளுக்கொருமுறை ஒன்றுகூடிப் பூக்கின்றன. இடைவெளி இரண்டாண்டாகவும் இருக்கலாம்; பத்தாண்டாகவும் இருக்கலாம். உதிரும் வித்துக்களோ நெல்லைப் போலக் குதிரில் இட்டு வைக்கத்தக்கன அல்ல. சில வாரங்களுள் முளையாவிடில் உயிரிழந்துபோகும். இத்தகைய மரத்தை ஆராய விழைபவர் அது காய்க்குங்காலத்தில் காட்டில் இருந்தாக வேண்டும். வித்தைப் பேணும் முறையை முன்னரே கற்றிருக்கவும் வேண்டும். அவரை அயல்நாட்டு ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பும் செலவை யார் ஏற்பது? மரம் பூக்கும் ஆண்டை அரசாங்க வரவு செலவுத் திட்டம் அறியாது.

இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று, ஜப்பானின் யோக்கோஹாமா நகரில் இயங்கும் அனைத்துலக வெப்பமண்டல மரப்பொருள் நிறுவனத்தின் உபகாரச் சம்பளத் திட்டம். 1983ஆம் ஆண்டு ஜெனிவாவில் உருவான ஒப்பந்தத்தின்படி, மரம் விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து அமைத்த நிறுவனம் இது. 1986 முதல் 1999 வரை இதன் முதல் தலைமை இயக்குநராக விளங்கியவர் மலேசியரான டாக்டர் பிரீசைலா. உபகாரச் சம்பள நிதிக்கு அவர் பெயரையே சூட்டியுள்ளனர்.

1989இல் தொடங்கிய இத்திட்டத்தால் 1,400 பேருக்கு மேற்பட்டோர் பயன் பெற்றனர். ஒருவருக்கு உரிய உச்சவரம்பு 10,000 அமெரிக்க டாலர் என வகுக்கப்பட்டது. முழுப் பட்டப்படிப்புக்கு இது போதாது. அதற்கென அமைந்ததும் அன்று. குறுங்காலப் பயிற்சி, ஆய்வுப் பயணம், தொழில் நூல் எழுதுதல், மேற்பட்ட மாணவரின் ஆய்வுக்குச் சிறு உதவி ஆகியனவே நோக்கம். உபகாரச் சம்பளம் என்பதை விடுத்து உதவித்தொகை என்றே எழுதவேண்டும் என்பாரும் உளர். ஆயின் இவ்விடத்திற்குப் பழைய வழக்கே நன்கு பொருந்துகிறது. பெறுவோருட் பலர் ஏற்கெனவே தொழிலில் இருப்பவர். கொடுப்பது உபகாரமேயெனினும் அதற்கீடாக வேலையும் அறிக்கையும் எதிர்பார்க்கப்படுகின்றன.

இனி, பணம் வரும் வழியைக் காண்போம். நிறுவனத்திற்கு இரண்டு வாய்க்கால்கள் உண்டு. உறுப்பு நாடுகள் தத்தம் வாக்குகளின் அளவுக்கேற்பச் செலுத்தும் கட்டாயப் பங்கு ஒன்று. அலுவலகம் நடப்பது அதனால். மற்றது, விரும்பிய நாடுகள் விரும்பிய அளவு கொடுக்கும் நன்கொடை. இதில் ஜப்பானின் பங்கே பெரிது. உபகாரச் சம்பளம் இவ்விரண்டாம் வாய்க்காலை நம்பி நிற்பது. அது வற்றினால் தகுதியுடையவரின் விண்ணப்பமும் திரும்பிப்போகும், குறை அவருடையதன்று. இவற்றுக்கு அப்பால் கணக்கில் ஏறாத கொடை ஒன்றும் உண்டு. தம் ஊழியரை மாதக்கணக்கில் விடுவிக்கும் காட்டிலாகாவும், வந்தவருக்குத் தம் நேரத்தைச் செலவிட்டுக் கற்பிக்கும் அயல்நாட்டு அறிஞரும் ஆதரவாளரே.

நன்கொடை வந்தவுடன் செலவாகிவிடுவதில்லை. உரிய வேளை வரும்வரை அதைப் பேணி வைத்தல் வேண்டும். கொடுப்போர் பெரும்பாலும் கேளாமல் விடுவது இதைத்தான். 2015 நவம்பரில் இந்நிறுவனத்தின் மன்றம் கோலாலம்பூரில் கூடியபோது, தகாத முதலீடுகளில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் அமெரிக்க டாலர் முடங்கிப்போன செய்தியே பெரும்பேச்சாயிற்று. உச்சவரம்பின்படி கணக்கிட்டாலும் அது 1,800 பேருக்குரிய தொகை! கால் நூற்றாண்டில் உபகாரச் சம்பளம் பெற்றோரின் எண்ணிக்கை அதனினும் குறைவு. இழந்தது முழுவதும் உபகாரச் சம்பளப் பணம் அன்று. காட்டுத் திட்டங்கள் பலவற்றுக்கு வந்த நன்கொடையும் அதில் அடக்கம். பின்னர் நிறுவனத்தின் நிதி விதிகள் இறுக்கப்பட்டன.

ஆகவே, காட்டாராய்ச்சிக்குக் கொடுக்க முன்வரும் அரசாயினும் வணிகராயினும் இரண்டைக் கேட்டறிதல் தகும். பணம் எங்கே, யார் பொறுப்பில் வைக்கப்படும்? ஓராண்டு மிஞ்சியது மறு ஆண்டுக்குச் செல்லுமா? மிஞ்சியதைத் திருப்பி வாங்கும் திட்டத்தில் மரம் காய்க்காத ஆண்டிலும் வித்தாராய்ச்சிக்கு எவரையேனும் அனுப்ப நேரும். காய்க்கும் ஆண்டிலோ கையில் பணம் இராது.