பிடிக்கும் கருவியின் நேர்மை



அரிவாள்மணையில் காய் நறுக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரிவாள் அசையாமல் நிற்கிறது. காயைப் பற்றிய கைதான் நகர்கிறது. துண்டுகள் ஒரே கனமாக விழுவதும் கோணலாக விழுவதும் அரிவாளின் கூர்மையைக் காட்டிலும் பிடித்த கையையே பெரிதும் பொறுத்திருக்கின்றன. யந்திரத் தொழிற்சாலையிலும் இதே நியதிதான். உலோகத்தைக் கடையும் உளியையும் துளையிடும் யந்திரத்தையும் எல்லோரும் வியந்து பேசுகின்றனர். வேலைப்பொருளை அசையாமல் ஏந்திப் பிடிக்கும் சாதனத்தை யாரும் கவனிப்பதில்லை. அதற்குத் தொழிலாளர் வழங்கும் பெயர் ஃபிக்ஸர் என்பது. அதைப் பற்றியே இன்று சில விஷயங்கள் சொல்ல விரும்புகிறேன். அதன் அருமையை நான் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன். ஆதலால் அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஒரு தொழிற்சாலையின் கருவிப் பட்டறையில் பயிற்சி பெற்றுவந்த காலம் அது. பம்பு உறுப்பு ஒன்றில் துளையிடுவதற்காகப் புதிய ஃபிக்ஸர் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் அடித்தட்டைச் சாணை பிடிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. உலையில் காய்ச்சிக் கடினமாக்கப்பட்ட எஃகுத் தட்டு. காய்ச்சியதில் சிறிது வளைந்திருந்தது. அதைச் சாணை யந்திரத்தின் காந்தமேஜைமீது வைத்து, காந்தத்தைச் செலுத்தி, மேற்புறம் முழுவதும் கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்த்தேன். பிறகு புரட்டிப் போட்டு மறுபுறமும் அவ்வாறே செய்தேன். மைக்ரோமீட்டரால் பன்னிரண்டு இடங்களில் கனத்தை அளந்தேன். எங்கும் ஒரே அளவு! பெருமையுடன் ஒப்படைத்தேன்.

ஒரு வாரம் சென்றது. அந்த ஃபிக்ஸரில் வைத்துத் துளையிட்ட 40 வார்ப்படங்களும் ஒதுக்கப்பட்டன. துளைகள் சாய்ந்திருந்தன. வார்த்தவர் உழைப்பும் கடைந்தவர் உழைப்பும் பழைய இரும்புக் குவியலுக்குப் போயின. யந்திரத்தைச் சோதித்தனர், குற்றமில்லை. முடிவில் எங்கள் மேஸ்திரி நான் தேய்த்த தட்டைக் கழற்றி, மட்டம் பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட்டின்மீது வைத்து, ஒரு மூலையை விரலால் அழுத்தினார். ‘டக்’ என்று ஓர் ஒலி எழுந்தது. எதிர் மூலையை அழுத்தினார். மறுபடியும் ‘டக்’.

“ஐயா, நான் பன்னிரண்டு இடத்தில் அளந்தேனே! கனம் எங்கும் ஒன்றாகத்தானே இருந்தது?” என்றேன்.

“தம்பி, வீட்டுக்கூரை ஓட்டை அளந்து பார். அதற்கும் கனம் எங்கும் ஒன்றுதான். அதனால் ஓடு தட்டையாகிவிடுமா?” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் என் பிழை முழுவதும் விளங்கிற்று. காந்தம் வளைந்த தட்டை இழுத்து, மேஜையோடு ஒட்டித் தட்டையாக்கியது. அந்த நிலையில் நான் தேய்த்தேன். காந்தத்தை நிறுத்தியதும், எஃகு தன் இயல்பான வளைவுக்கே திரும்பிவிட்டது. கனம் சமமாயிற்று, வளைவு அப்படியே இருந்தது. அத்தகைய தட்டைத் துளையிடும் யந்திரத்தின் மேஜையில் திருகி முடுக்கியபோது அது மீண்டும் வளைந்து கொடுத்தது, அதன்மேல் நிறுத்தியிருந்த பக்கச்சுவர் சாய்ந்தது, துளைகளும் சாய்ந்தன. நான் கனத்தை அளந்தேன், கேட்கப்பட்டதோ தட்டைத்தன்மை. எதை அளக்க வேண்டும் என்று அறியாதவன் எத்தனை முறை அளந்தும் பயனில்லை.

சரியான முறையையும் மேஸ்திரியே காட்டினார். தட்டுக்கும் காந்தமேஜைக்கும் நடுவே உள்ள இடைவெளிகளில் மெல்லிய தகடுகளைச் செருக வேண்டும். அப்போது காந்தம் இழுத்தாலும் தட்டு வளையாது. அந்த நிலையில் சிறிது சிறிதாகத் தேய்த்து, முதலில் ஒரு பக்கத்தை உண்மையாகவே தட்டையாக்க வேண்டும். பின்னர் அந்தப் பக்கத்தைக் கீழே வைத்து மறுபக்கத்தைத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகத் தேய்த்தால் உஷ்ணம் மிகுந்து, தட்டு புதிதாக வளையும். ஆதலால் குளிர்விக்கும் நீர் இடைவிடாது பாய வேண்டும்.

அன்று எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. என் தட்டு கோணல் என்று சர்ஃபேஸ் பிளேட் சொல்லிற்று. அந்தப் பிளேட் தட்டையானது என்று சொன்னது யார்? வேறொரு பிளேட்டோடு ஒப்பிட்டார்கள் என்றால், அதற்கு முந்தியதை எதனோடு ஒப்பிட்டார்கள்?

இந்த வினாவுக்கு விடையை விளக்கிப் பரப்பியவர் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1840-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கூடிய விஞ்ஞான சபையில் இது குறித்து அவர் கட்டுரை வாசித்தார். இரண்டு தட்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவது தட்டைத்தன்மைக்குச் சான்றாகாது. ஆட்டுக்கல்லும் குழவியும் அழகாகப் பொருந்துகின்றன. ஒன்று குழிவு, மற்றொன்று குவிவு. ஆனால் மூன்று தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தட்டு குழிந்திருந்தால், அதனோடு பொருந்தும் இரண்டாவதும் மூன்றாவதும் குவிந்திருக்கும். அவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நடுவில் மட்டுமே தொடும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு தட்டில் நீலச் சாயம் பூசி மற்றொன்றின்மேல் வைத்தால், உயர்ந்த இடங்களில் மட்டும் சாயம் ஒட்டும். அந்த இடங்களைச் சுரண்டியால் சிறிது சிறிதாகச் சுரண்ட வேண்டும். இவ்வாறு மூன்றையும் மாற்றி மாற்றி, திசையையும் திருப்பி ஒப்பிட்டு, எந்த இரண்டை எடுத்தாலும் எங்கும் பொருந்தும் நிலை வந்துவிட்டால், மூன்றும் தட்டையானவையே. முன்மாதிரி ஒன்றுமின்றி, மூன்று குறையுள்ள பொருள்கள் ஒன்றையொன்று திருத்தி நேர்மை அடைகின்றன என்பது எவ்வளவு வியப்பான செய்தி!

தட்டைத்தன்மை கிடைத்துவிட்டது, நீளத்துக்கு என்ன செய்வது? அதற்கு ஸ்வீடன் தேசத்து எஸ்கில்ஸ்டுனா நகரில் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய கார்ல் எட்வர்ட் ஜோகான்சன் வழி கண்டார். 1896-ஆம் ஆண்டு அவர் வகுத்த திட்டத்தில் 102 எஃகுக் கட்டைகள் அடங்கியிருந்தன. அவற்றைப் பலவாறு சேர்த்தால் சுமார் 20,000 அளவுகளை உண்டாக்கலாம். அவற்றின் முகங்கள் மிகவும் தட்டையானவை. ஆதலால் ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தித் தேய்த்தால் பசையின்றியே ஒட்டிக்கொள்ளும். ஃபிக்ஸரின் படி உயரத்தை அறிய, அதே உயரத்துக்குக் கட்டைகளை அடுக்கி, டயல் கருவியின் முள்ளால் இரண்டையும் ஒப்பிடுகிறோம். முள் இரண்டிடத்திலும் ஒரே கோட்டில் நின்றால் அளவு சரி.

ஆனால் இங்கே உஷ்ணம் குறுக்கிடுகிறது. சர்வதேச அளவைக் கமிட்டி 1931-இல், நீள அளவுகளுக்கு உரிய உஷ்ணநிலை 20 டிகிரி சென்டிகிரேட் என்று தீர்மானித்தது. 100 மில்லிமீட்டர் எஃகு, 10 டிகிரி சூடேறினால் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே நீளும். இது தலைமயிரின் பருமனில் ஒரு சிறு பகுதிதான். எனினும் நுட்பமான ஃபிக்ஸரைக் கெடுக்க அது போதும். நம் ஊர்க் கோடையில் பட்டறை 35 டிகிரியில் கொதிக்கும்போது என்ன செய்வது? கட்டையும் வேலைப்பொருளும் இரண்டும் எஃகாகவும் ஒரே உஷ்ணத்திலும் இருந்தால், இரண்டும் ஒன்றுபோலவே நீளும். ஒப்பீடு பெரிதும் பழுதுபடாது. சாணையிலிருந்து எடுத்த சூட்டோடு அளப்பதும், கட்டையை உள்ளங்கையில் நெடுநேரம் வைத்திருப்பதுமே ஆபத்து. ஆதலால் இரண்டையும் சர்ஃபேஸ் பிளேட்டின்மீது பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில் அளப்போம். பொறுமையும் ஓர் அளவுகருவிதான்.

அந்த அடித்தட்டை நானே மறுபடியும் தேய்த்தேன். முதல் முறை அரை நாளில் முடித்த வேலைக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் மேஸ்திரி அதைப் பிளேட்டின்மீது வைத்து நான்கு மூலைகளையும் விரலால் அழுத்தினார். ஒலி எழவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தட்டை எடுத்து என்னிடம் தந்தார்.

நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை பட்டறைகளிலும் ஆராய்ச்சிச் சாலைகளிலும் பணிபுரியக்கூடும். அங்கே அளவுகருவியைக் கையில் எடுக்குமுன் இரண்டு வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் அளப்பது, அளக்க வேண்டியதைத்தானா? பிடித்திருக்கும் கையை விட்ட பிறகும் இந்தப் பொருள் இப்படியே நிற்குமா? இவ்விரண்டையும் நான் அன்று கேட்டிருந்தால், அந்த 40 வார்ப்படங்களும் எங்கோ கிணற்றடிகளில் நீர் இறைத்துக்கொண்டிருந்திருக்கும்.