திருநெல்வேலிக்கு மேல் பொங்கும் வானம்

2023 செப்டம்பர் 14 அன்று கனமழையில் மும்பை விமான நிலையத்தின் 27ஆம் ஓடுபாதையில் இறங்கிய லியர்ஜெட் 45 வகைச் சிறு வணிக ஜெட் ஒன்று பாதையை விட்டு விலகி நொறுங்கியது. அதிலிருந்த எட்டுப் பேரும் உயிர் தப்பினர். அந்த ஓடுபாதைக்கு வரும் விமானங்கள் அருகிலுள்ள குர்லாவின் கூரைகளுக்கு மேலாகத்தான் தாழ்ந்து செல்கின்றன என்பதால், பழைய ஜெட்களின் விமானி அறைக் கருவிகளைப் புதுப்பித்தால் ஆபத்து குறையுமா என்ற கேள்வி அங்குள்ளவர்களுக்கு எழுவது இயல்பு. விற்பனையாளர்கள் இதற்கு விடையாகப் பளபளக்கும் திரைகளைக் காட்டுவார்கள். ஆனால் 1990களில் உருவான லியர்ஜெட் 45 முள்கருவிகளுக்குப் பதிலாகத் திரைகளுடனேயே பிறந்த விமானம். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும், ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களை ஆராய்ந்து, திரைகளால் ஒட்டுமொத்தப் பாதுகாப்பு மேம்பட்டதாகத் தெரியவில்லை என்றே 2010இல் முடிவுரைத்தது.

புதுப்பித்தலில் உண்மையிலேயே கவனிக்கத் தக்கது, விமானத்தின் மேற்புறத்தில் பொருத்தப்படும் சிறிய ஆண்டெனாவும் அதனுடன் இணைந்த ஏற்பியுமே ஆகும். இவை ஜிபிஎஸ் குறிகைகளோடு, இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து அமைத்த ‘ககன்’ என்னும் திருத்த முறையின் செய்திகளையும் பெறுகின்றன. நாடெங்கும் துல்லியமாக அறியப்பட்ட இடங்களில் நிற்கும் 15 நிலையங்கள் தம் ஜிபிஎஸ் அளவீடுகளைப் பெங்களூருக்கு அனுப்ப, ஜிபிஎஸ் எவ்வளவு பிசகுகிறது என்று அங்கே கணித்துத் தொகுக்கப்படும் திருத்தம் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக விமானத்தை அடைகிறது.

பிசகின் பெரும்பகுதிக்குக் காரணம் அயனி மண்டலம், அதாவது சூரிய ஒளியால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து திரியும் வளிமண்டலத்தின் உயர் அடுக்கு. எலக்ட்ரான்கள் மிகுந்த இடத்தில் குறிகை தாமதமாகும். பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகே செல்வதால் இந்திய வானத்தில் இந்த அடுக்கு ஓரிடத்தில் நிலைகொள்வதில்லை. மும்பையின் தாராவியில் பொங்கலன்று தெருவில் ஏற்றப்படும் பானையில் பால் நடுவே எழும்பி இருபுறமும் வழிவதைப் போல, பகலில் கிழக்கு நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிக் கிடக்கும் காந்தப்புலமும் சேர்ந்து எலக்ட்ரான்களைத் திருநெல்வேலிக்கு மேலே உயர்த்த, அவை காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கும் தெற்கும் சரிகின்றன. வடக்கே வழிந்தது அகமதாபாத் பக்கம் குவிகிறது, மும்பை அந்தச் சரிவில் இருக்கிறது. உவமையை இன்னும் இழுத்தால், விறகை வெளியே இழுக்கும் நேரத்தில் பால் கடைசியாக ஒருமுறை சீறி எழுவதைப் போல, சூரியன் மறைந்தவுடன் இந்த எழுச்சி சற்று நேரம் வலுத்து, நுரைக்குமிழிகள் போன்ற வெறுமையான பகுதிகள் மேலேறிக் குறிகையைச் சிதறடிக்கின்றன. பானை காந்தக் கோடுகளை அறியாது என்பதால் உவமை இத்துடன் நிற்கட்டும்.



இந்தக் கொந்தளிப்பின் நடுவே ஏற்பி செய்யும் வேலைதான் அழகானது. தான் இருக்கும் இடத்தைச் சொல்வதோடு நில்லாமல், அந்தக் கணக்கு எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்பதையும் ஓயாமல் கணித்து, உயரத்தில் அந்த ஐயம் 50 மீட்டரைத் தாண்டினால், ககன் வழித் தரையிறக்கத்திற்கான உயர வழிகாட்டலை அதுவே திரும்பப் பெற்றுவிடுகிறது. ஐயம் வரம்புக்குள் இருக்கும்வரை, ஓடுபாதையோரக் கருவிகள் வானொலிக் கற்றையால் இறக்கும் ஐ.எல்.எஸ். முறையின் விலகல் அளவைப் போலவே ஏற்பியும் பாதையிலிருந்து விமானத்தின் விலகலைத் தருவதால், தக்க இணைப்பும் சான்றிதழும் இருந்தால், பழைய ஆட்டோபைலட்டும் அதைப் பின்பற்றும்.

2021 ஜூலை 1 முதல் இந்தியாவில் பதிவாகும் விமானங்களுக்கு ககன் கருவி கட்டாயமாக்கப்பட்டது, பழையவற்றுக்கு அல்ல. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ராஜஸ்தானின் கிஷன்கரில் இம்முறையில் இறங்கிக் காட்டியது. மும்பையின் முதன்மை ஓடுபாதையில் ஐ.எல்.எஸ். இருப்பதால் குர்லாவைக் கடக்கும் பழைய ஜெட்டுக்கு அங்கே இந்த ஏற்பி பெரிதாக உதவப்போவதில்லை. அதற்குச் செலவிட்ட பணம் பயன்தருவது, அத்தகைய கற்றை இல்லாத சிற்றூர் ஓடுபாதைகளில்தான், அதுவும் அந்த ஓடுபாதைக்கென ககன் அணுகுபாதை வரையறுத்து வெளியிடப்பட்டிருந்தால் மட்டுமே.