பேசும் படம் பேசாமற் போவதேன்?

1931ஆம் ஆண்டில் வெளிவந்த 'காளிதாஸ்' தமிழ் பேசிய முதல் திரைப்படமாகும். அதற்கு முன் வந்தவற்றுள் மிகப் பல பேசாப் படங்களே. அவற்றைக் கண்டோர் ஒலியின்மையைக் குறையாகக் கொண்டிலர். படம் அவ்வாறுதான் இருக்கும் என்பது அவர்கள் அறிந்ததே. இன்றைய நிலை வேறு. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இணையத்திலிருந்து இறக்கிய பாடக் காணொளியை வகுப்பறைத் தொலைக்காட்சியில் இடுகிறார். படம் ஓடுகிறது, பேசுவோர் வாய் அசைகிறது, குரல் மட்டும் எழவில்லை. கணிதப் பாடமாயின் படத்தைக் கொண்டே ஓரளவு விளக்கிவிடலாம். லகர ளகர ழகர வேறுபாட்டை ஒலித்துக் காட்டுதற்கென எடுத்த காணொளி ஒலியிழந்தால், அதனால் யாது பயன்?

2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின், காணொளிவழிக் கற்பித்தல் பெருகியது. 2021 பிப்ரவரி 17இல் கல்வி அமைச்சின் டிடிக் டிவி ஒளிபரப்பும் தொடங்கிற்று. ஆசிரியர்கள் தாமே பாடங்களைப் பதிவு செய்தனர். பிறர் பதிவுகளையும் பெற்றனர். அக்கோப்புகள் இன்றும் பலரிடம் உள்ளன. அவற்றுள் ஒன்று ஒலிக்கவில்லை என்றதும் 'கெட்டுப்போயிற்று' எனக் கருதி அழித்துவிடுவது பலர் வழக்கம். பெரும்பாலும் அது கெட்டிருப்பதில்லை என்பதே ஈண்டு அறிய வேண்டுவது.

பேழையும் பொருளும்

எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. எனக் கோப்பின் பெயருக்குப் பின் வருவன பேழையின் பெயர்கள். உள்ளிருக்கும் பொருளின் பெயர்கள் அல்ல. ஒரு பேழையுள் படம் ஒரு தனி ஓட்டமாகவும், ஒலி மற்றொரு தனி ஓட்டமாகவும் இருக்கும். சில பேழைகளில் இரண்டு மூன்று மொழிகளின் ஒலித்தடங்களும், எழுத்துரையும் உடன் இருக்கும். இவ்வோட்டங்கள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு குறிமுறையில் சுருக்கி எழுதப்பட்டுள்ளன. இக்குறிமுறையையே 'கோடெக்' என்பர்.

ஏட்டுச்சுவடியை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். இரண்டு சுவடிக் கட்டுகள் புறத்தே ஒன்றுபோலத் தோன்றலாம். ஒன்றன் ஏடுகள் தமிழெழுத்திலும், மற்றதன் ஏடுகள் வட்டெழுத்திலும் இருக்கலாம். வட்டெழுத்து அறியாதவர் படிக்க இயலாமை ஏட்டின் குற்றமன்று. அதுபோலவே, 'என் தொலைக்காட்சி எம்.பி.4 கோப்பை ஏற்கும்' என்பது பேழையைத் திறக்க வல்லது என்பதையே காட்டும். உள்ளே எழுதியுள்ள எல்லாக் குறிமுறையையும் படிக்க வல்லது என்பதைக் காட்டாது.

தமிழுலகம் இச்சிக்கலை முன்பே எழுத்தில் கண்டதுண்டு. 1990களில் ஓர் எழுத்துருவில் தட்டெழுதிய தமிழ் மடல், வேறு எழுத்துரு உள்ள கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலைப் பயன்படுத்திய ஆசிரியர் பலர் அந்நாளைய குறிமுறைக் குழப்பத்தை நன்கறிவர். 2001இல் கோலாலம்பூரில் தமிழிணைய மாநாடு கூடிய காலத்திலும் அது முற்றத் தீர்ந்திலது. பின்னர் யூனிகோடு பரவியதால் எழுத்துச் சிக்கல் பெரிதும் நீங்கியது. ஒலிக்கும் ஒளிக்கும் அத்தகைய ஒரே பொதுமுறை இன்றும் இல்லை.

மௌனம் மூவகை

முதலாவது, ஒலி வந்து சேராமை. பெரிய காணொளித் தளங்கள் உயர்தரப் படத்தையும் அதன் ஒலியையும் தனித்தனியே வைத்துள்ளன. இணைய வேகம் குறையும்போது ஒலியைத் தொடாமல் படத்தின் தரத்தை மட்டும் தாழ்த்துவதற்கு இவ்வேற்பாடு உதவுகிறது. தளத்தில் காணுங்கால் இரண்டும் இணைந்தே ஓடும். இறக்கும் கருவி படத்தை மட்டும் எடுத்துவந்தால் கிடைப்பது பேசாப் படமே. இதற்கு மருந்து, ஒலியையும் இறக்கி இரண்டையும் ஒரே பேழையுள் சேர்த்தல். சேர்ப்பதற்கு மறுபடியும் சுருக்க வேண்டுவதில்லை. ஆதலின் தரம் சிறிதும் குன்றாது.

இரண்டாவது, ஒலி இருந்தும் கருவிக்குப் புரியாமை. திரைப்படக் கோப்புகளில் ஏ.சி.3, டி.டி.எஸ். என்னும் ஒலிக் குறிமுறைகள் மிகுதி. பல கைப்பேசிகளும் தொலைக்காட்சிகளும் இவற்றைப் படிப்பதில்லை. சான்றாக, சாம்சங் நிறுவனம் 2018ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிகள் முதல் டி.டி.எஸ். ஏற்பை நீக்கியது. பழைய தொலைக்காட்சியில் பேசிய கோப்பு புதியதில் பேசாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, ஒலி வழி தவறுதல். திரையரங்கிற்கென ஆறு வழிகளாகப் பிரித்த ஒலியில், உரையாடல் பெரும்பாலும் நடுவழியில் அமைந்திருக்கும். இடம் வலம் என இரண்டே ஒலிபெருக்கி உள்ள இடத்தில் நடுவழி சேர்க்கப்படாவிடின், இசை கேட்கும்; பேச்சுக் கேளாது. வகுப்பறையில் இதனினும் எளிய காரணம் ஒன்றுண்டு. மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. கம்பியால் படவீழ்த்தியோடு இணைத்தவுடன், ஒலியும் அவ்வழியே சென்றுவிடலாம். படவீழ்த்தியில் ஒலிபெருக்கி இல்லையாயின் அறை அமைதியாகிவிடும். கணினியின் ஒலி அமைப்பில் வெளியீட்டுக் கருவியை மாற்றினாற் போதும்.

இவற்றின் மறுதலையும் உண்டு: ஒலி கேட்கும், படம் தோன்றாது. ஐபோன்கள் 2017இல் எச்.265 என்னும் படக் குறிமுறையைக் கைக்கொண்டன. பழைய கணினிகள் பல அதனைப் படிக்க வல்லன அல்ல.

நோய்நாடும் முறை

முதலில் வேறொரு காணொளியை அதே கருவியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் ஒலிக்காவிடின் குறை கருவியிலோ இணைப்பிலோ உள்ளது, கோப்பில் இல்லை. அது ஒலித்தால், ஐயத்திற்குரிய கோப்பை வி.எல்.சி. என்னும் இலவச இயக்கியில் திறக்கலாம். பாரிசு நகரப் பொறியியற் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய முயற்சியின் பயன் இது. மிகப் பல குறிமுறைகளைத் தானே படிக்க வல்லது. இதில் ஒலி எழுந்தால், கோப்பு நலமாய் உள்ளது என்பதும் முன்னைய கருவிக்கே அது புரியவில்லை என்பதும் தெளிவாம். ஒலி எழாவிடின், கருவிகள் பட்டியலில் உள்ள கோடெக் தகவலைக் காணவேண்டும். அங்கே பட ஓட்டம் மட்டும் இருந்தால், ஒலி வந்து சேரவே இல்லை. ஒலியோட்டமும் இருந்தால், வேறு ஒலித்தடத்தைத் தேர்ந்து பார்க்க வேண்டும்.

தொலைக்காட்சிக்கு ஏற்பக் கோப்பை மாற்ற வேண்டின், படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏ.ஏ.சி. முறைக்கு மாற்றுதல் நன்று. எஃப்.எஃப்.எம்பெக் என்னும் இலவசக் கருவியில், படத்தை நகலெடுக்கவும் ஒலியை மாற்றவும் தனித்தனியே கட்டளையிடலாம். முழுக் கோப்பையும் மாற்றுவதினும் இது மிக விரைவில் முடியும். ஆறு வழி ஒலியை இவ்வேளையிலேயே இரு வழியாகக் கலந்துவிட்டால் உரையாடலும் திரும்பும்.

தவிர்க்க வேண்டியன

கோப்பின் பெயரை மட்டும் எம்.கே.வி.யிலிருந்து எம்.பி.4 என மாற்றுவது, சுவடிக் கட்டின் மேலட்டையை மாற்றுவது போன்றதே, உள்ளெழுத்து மாறாது. அறியாத தளங்களில் 'கோடெக் தொகுப்பு' எனக் கிடைப்பவற்றை நிறுவுதல் தீநிரல்களுக்கு வாயில் திறப்பதாகும். மீண்டும் மீண்டும் சுருக்குதலும் தீது. ஒவ்வொரு சுருக்கத்திலும் ஒலியின் நுட்பம் சிறிது கழியும். குறைந்த தரத்தில் உயர் அதிர்வெண்களே முதலில் நீங்குமாதலின், உரசொலிகள் மங்கும். ஒலிப்புப் பயிற்சிக்குரிய பதிவில் இவ்விழப்பை எளிதாகக் கொள்ளலாகாது. பிறர் ஆக்கத்தை இறக்கும்போது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தையும் உரிமையாளர் இசைவையும் கருதல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, மூலக் கோப்பை அழியாது காத்தல். மலேசியத் தமிழர் இல்லங்களில் பள்ளி விழா, திருமணம், முதியோர் பேச்சு முதலியன அடங்கிய பழைய வி.சி.டி.க்கள் இன்னும் உள்ளன. 1993இல் வகுக்கப்பட்ட அம்முறைப்படி, அவற்றின் கோப்புகள் 'டாட்' என்னும் பெயரோடு முடியும். பல இயக்கிகள் அப்பெயரை அறியா, வி.எல்.சி. அதனைத் திறக்கும். வட்டு சிதையும் முன்னரே கோப்பை வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். தோட்டத்து வாழ்வைத் தம் வாய்மொழியாற் சொன்ன ஒரு பாட்டியின் குரல் அதனுள் இருக்கலாம். கருவிக்குப் புரியவில்லை என்னும் ஒரு காரணம் பற்றி அதனை எறிந்துவிட்டால், அக்குரலை மீண்டும் பதிவு செய்தற்கு அவர் இரார்.