ரயில் ஏறாத மலைக்கு ரயில் தலைப்பு எதற்கு?

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. புது மாவட்டம் என்றால் புது ஆட்சியர் அலுவலகம் மட்டுமல்ல, புது இணையதளமும் வேண்டும். அதை யாரும் முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. அரசு இணையதளங்களுக்கென்று தேசிய தகவலியல் மையம் 'எஸ்3வாஸ்' என்ற பொதுத் தளத்தை வைத்திருக்கிறது. பக்கங்களின் அமைப்பு எல்லா மாவட்டத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே போடும் தகவல்தான் வேறு. இந்தப் பொது அமைப்புக்குப் பெயர் டெம்ப்ளேட். வேர்ட்பிரஸ், ட்ரூபல் என்று எந்த உள்ளடக்க மேலாண்மை மென்பொருளை எடுத்தாலும் வேலை இப்படித்தான் நடக்கிறது.

சுற்றுலா இடங்களுக்கு ஒரு டெம்ப்ளேட் செய்வதாக வைத்துக்கொள்வோம். படம், விவரம், அதன் கீழே 'எப்படிப் போவது': விமானம், ரயில், சாலை. மதுரைக்கு மூன்றும் நிறையும். கல்வராயன் மலையின் மேகம் அருவிக்கு? தகவல் ஏற்றுபவர் ரயில் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுவார். டெம்ப்ளேட் அதைப் பொருட்படுத்தாமல் 'ரயில்:' என்று தலைப்பைப் போட்டு, கீழே வெற்றிடத்தைக் காட்டும். அரசுத் தளங்களில் இதைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. தீர்வு மூன்றே வரி:

ரயில் விவரம் இருந்தால்
தலைப்பையும் விவரத்தையும் காட்டு
நிபந்தனை முடிந்தது

இதில் தலைப்பு நிபந்தனைக்கு உள்ளே இருப்பதைக் கவனியுங்கள். புதிதாக எழுதுபவர்கள் விவரத்தை மட்டும் உள்ளே வைத்துவிட்டுத் தலைப்பை வெளியே விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நிபந்தனை இருந்தும் பயனில்லை.

இதுவரை சுலபம். சிக்கல் 'இருந்தால்' என்பதில் தொடங்குகிறது. ஒரு கட்டம் காலியாக இருக்கப் பல காரணங்கள் உண்டு: யாரும் இன்னும் நிரப்பவில்லை, நிரப்ப எதுவும் இல்லை, அல்லது நிரப்பிய மதிப்பே பூஜ்யம். மனிதருக்கு இவை வேறு வேறு. டெம்ப்ளேட்டுக்கு நாம் சொல்லிக் கொடுத்தால்தான் வேறு.

கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை இருக்கிறது. கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் அதற்கு வரத்து. அணையின் நீர்வரத்தைத் தினமும் காட்டும் ஒரு பக்கத்தை யோசியுங்கள். கோடையில் வரத்து 0 கன அடி. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியில் 'எம்ப்டி' என்ற சோதனை, 0 என்ற மதிப்பையும் காலி என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே 'வரத்து இருந்தால் காட்டு, இல்லையென்றால் தகவல் இல்லை என்று போடு' என்று எழுதினால், ஊழியர் ஒழுங்காக 0 என்று பதிந்த நாளிலும் பக்கம் 'தகவல் இல்லை' என்றே சொல்லும். வேலை செய்தவருக்குக் கெட்ட பெயர். கீழே பாசனத்துக்குக் காத்திருக்கும் விவசாயிக்குத் தவறான செய்தி.

ட்ரூபல் பயன்படுத்தும் ட்விக் மொழியிலும் வெறும் 'இருந்தால்' நிபந்தனையில் 0 'இல்லை' என்றே கணக்காகும். ஷாப்பிஃபை கடைகளின் லிக்விட் மொழி நேர் எதிர்: அங்கே 0 மட்டுமல்ல, ஓர் எழுத்துகூட இல்லாத வெற்றுச் சரமும் 'இருக்கிறது' என்றே கணக்காகும். ஒரு மொழியில் கற்ற பழக்கத்தை அப்படியே இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். எண் வரும் கட்டத்துக்கு 'மதிப்பு பதியப்பட்டதா' என்று தனியாகக் கேளுங்கள். எழுத்து வரும் கட்டத்தில் முன்பின் இடைவெளிகளை நீக்கிவிட்டுச் சோதியுங்கள். யாரோ ஸ்பேஸ் பாரை ஒருமுறை தட்டிவிட்டுப் போயிருந்தாலும் ட்விக் அதை நிரம்பிய கட்டம் என்று நம்பிவிடும்.

இன்னொரு கெட்ட பழக்கம், ஊர்ப் பெயரை டெம்ப்ளேட்டுக்குள் எழுதுவது. 'இடம் மேகம் அருவி என்றால் ரயிலை மறை' என்று ஒருவர் எழுதுவார். அடுத்து பெரியார் அருவிக்கு ஒரு வரி, வெள்ளிமலைக்கு ஒரு வரி. மலையின் பெயரையே கல்வராயன் என்றும் கல்ராயன் என்றும் இரண்டு விதமாக எழுதுகிறோம். ஓர் எழுத்து மாறினால் நிபந்தனை படுத்துவிடும். முடிவைத் தகவலோடு வையுங்கள்: ஒவ்வொரு இடத்துக்கும் 'ரயில் பொருந்துமா' என்று ஒரு டிக் பெட்டி போதும். அப்படிக் கேட்கும்போதுதான் தகவல் ஏற்றுபவருக்கும் தோன்றும்: மலைக்கு ரயில் இல்லைதான், ஆனால் சேலம்–விருத்தாசலம் பாதையில் சின்னசேலம் நிலையம் இருக்கிறதே, அதை எழுதலாமே என்று. காலிக் கட்டத்தை மறைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

'கடைசி நேரம் முடிந்தால் அறிவிப்பை மறை' போன்ற தேதி நிபந்தனைகளில் நேர மண்டலத்தைப் பாருங்கள். தளத்தின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தால் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடும். மாலை 5 மணிக்கு மூடிய டெண்டர் இரவு 10.30 வரை திறந்திருப்பதாகக் காட்டும். கடிகாரத்தைச் சரிசெய்த பிறகும் பழைய அறிவிப்பே தெரிகிறது என்றால், பக்கத்தின் சேமித்த நகல், அதாவது கேஷ், வருகிறது என்று பொருள். நிபந்தனை நகல் எடுத்த நொடியில்தான் சோதிக்கப்பட்டது. வாசகர் திறக்கும்போது அல்ல.

மறைப்பது வேறு, அனுப்பாமல் இருப்பது வேறு. பயனாளிகளின் தொலைபேசி எண்ணை ஸ்டைல் கோப்பில் மறைத்தால் அது கண்ணுக்குத்தான் தெரியாது. பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் முழுதாக இருக்கும். சர்வரில் ஓடும் டெம்ப்ளேட் நிபந்தனையால் நீக்கினால் அது வாசகரின் கைபேசிக்கே போகாது. சிக்னல் தடுமாறும் மலையூர்களில் பக்கத்தின் எடையும் கொஞ்சம் குறையும்.

டெம்ப்ளேட்டை ஒப்படைக்கும் முன் நான்கு போலிப் பக்கங்களைப் போட்டுப் பாருங்கள்: எல்லாக் கட்டமும் நிரம்பியது, எல்லாமே காலி, எண்களெல்லாம் 0, தமிழ் மட்டும் இருந்து ஆங்கிலம் இல்லாதது. முதல் பக்கத்தைக் காட்டித்தான் பில் வாங்குகிறோம்; மற்ற மூன்றையும் வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும் முன் நீங்கள் கண்டுபிடித்துவிடுங்கள்.