ஊரே நெய்த துணிக்கு உரிமையாளர் யார்?

கானாவின் விடுதலைத் தலைவர் க்வாமே நிக்ருமா எகிப்தியப் பெண்ணான ஃபாத்தியாவை மணந்த காலத்தில், கெண்டே துணியின் ஒரு வடிவத்துக்கு ‘நிக்ருமாவுக்கு ஏற்றவள் ஃபாத்தியா’ என்று பெயர் விழுந்தது. 1966இல் ராணுவம் நிக்ருமாவைப் பதவியிலிருந்து இறக்கியது. அதே வடிவத்தை மக்கள் ‘ஒரே ஆள் நாட்டை ஆள முடியாது’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். அசாந்தே, ஏவே இன நெசவாளர்கள் குறுகலான தறியில் சுமார் நான்கு அங்குல அகலப் பட்டைகளாக நெய்து, அவற்றைச் சேர்த்துத் தைப்பதுதான் கெண்டே. மூத்தவர் தறியில் பார்த்த வடிவத்தை இளையவர் எடுக்கிறார், ஒரு கட்டத்தை மாற்றுகிறார், பக்கத்துத் தறிக்காரர் அதையும் எடுத்துக்கொள்கிறார். பெயரை ஊர் வைக்கிறது, ஊரே மாற்றுகிறது. இந்தத் துணியின் படைப்பாளி என்று யாரைச் சொல்வது?

பதிப்புரிமைச் சட்டம் இதற்கு ஒற்றைப் பெயரை எதிர்பார்க்கிறது. படைத்தவர் யார், எப்போது பதிவான வடிவம் பெற்றது, அவர் இறந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டு, அதை வைத்தே உரிமையைக் கணக்கிடுகிறது. பதில் இல்லாத படைப்பு யாருக்கும் சொந்தமில்லாதது, எனவே எவரும் எடுக்கலாம். எடுத்தவர் அதில் தான் சேர்த்த பகுதிக்கு மட்டுமே சட்டப்படி உரிமை கோர முடியும். ஆனால் மூலத்துக்காக வழக்காட உரிமையாளர் என்று ஒருவர் இல்லாதபோது, பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே பணம் போய்ச் சேருகிறது.

கறுப்பின மக்களின் கலைகள் இதில் தொடர்ந்து இழந்துவந்திருக்கின்றன. இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பாடலைப் பதிவுசெய்ய எழுதப்பட்ட இசைக்குறிப்பு தேவைப்பட்டது. காதால் கேட்டுக் கற்று, பாடப்பாடவே பாடலை உருவாக்கிய ப்ளூஸ் கலைஞர் அந்த வாசலிலேயே நின்றுவிட்டார். இசைத்தட்டு ஒலிப்பதிவையே பாடலின் பிரதியாகக் கொடுக்க 1978இல்தான் வழி பிறந்தது. எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து ஸ்டீல்பேன் என்ற வாத்தியத்தை உருவாக்கியவர்கள் டிரினிடாட்டின் ஏழைக் குடியிருப்பு இளைஞர்கள். அதைத் தயாரிக்கும் முறை ஒன்றுக்கு 2001இல் காப்புரிமை பெற்றவர்கள் அமெரிக்கர்கள் இருவர்.

தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் தன் குழுவோடு பாடிப் பதிவுசெய்த ‘ம்புபே’ பாடலின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1952இல் பத்து ஷில்லிங்குக்கு உரிமையைக் கொடுத்தார். அந்த மெட்டு 1961இல் அமெரிக்காவில் வேறு வரிகளோடு பெரும் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு லிண்டா வறுமையில் இறந்தார். டிஸ்னியின் ‘லயன் கிங்’ 1994இல் அதே மெட்டை உலகெங்கும் கொண்டுபோனது. 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுச் சட்டத்தில் மறந்துபோன ஒரு பிரிவு இருந்தது. படைப்பாளி உரிமையை விற்றிருந்தாலும் அவர் இறந்து 25 ஆண்டுகளில் அது வாரிசுகளுக்குத் திரும்பும் என்றது அது. வழக்கறிஞர் ஓவன் டீன் அதைத் தோண்டியெடுத்தார். 2004இல் தொடுத்த வழக்கு 2006இல் சமரசத்தில் முடிந்து, மகள்களுக்குப் பணம் கிடைத்தது. லிண்டாவுக்கு ஒரு பெயரும் ஓர் இறந்த தேதியும் இருந்ததால்தான் சட்டம் அவர் பக்கம் திரும்ப முடிந்தது. அவர் பாடிய ஜூலு குழுப்பாடல் மரபுக்கு இரண்டும் இல்லை.

அப்படியானால் சட்டத்தை எப்படித் திருத்துவது? கானா முன்னோடிகளில் ஒன்று என்பதால் அதன் அனுபவத்தை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாட்டார் கலைகளை 1985லேயே பதிப்புரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது அந்நாடு. 2005ஆம் ஆண்டின் 690ஆம் எண் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. படைத்தவர் யாரென்று தெரியாத கெண்டே வடிவங்களும் ஆதின்க்ரா என்ற அச்சுத்துணி வடிவங்களும் நாட்டார் கலையில் அடங்கும். அவற்றின் உரிமை மக்களின் சார்பில் குடியரசுத் தலைவரிடம் இருக்கும், அதற்குக் காலவரம்பே கிடையாது.

நோக்கம் நியாயமானது. வெளிநாட்டு ஆலைகளில் அச்சிட்ட மலிவான கெண்டே நகல்கள் நெசவாளரின் பிழைப்பில் கைவைக்கின்றன, அதைத் தடுக்க ஒரு பிடி வேண்டும். ஆனால் 1985ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவரைத்தான் குறிவைத்தது. புதிய சட்டமோ வணிக நோக்கில் பயன்படுத்தும் கானா மக்களும் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றது. பாட்டி பாடிய பாட்டைத் தன் ஹைலைஃப் இசையில் சேர்க்கும் கலைஞர் அரசு வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். கலைஞர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. நெசவாளர்களையும் ஆதின்க்ரா கலைஞர்களையும் நேரில் ஆராய்ந்த போட்டெமா போட்டெங் 2011இல் வெளியிட்ட நூலுக்கு ‘பதிப்புரிமை என்பது இங்கே செல்லுபடியாகாது’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். தறிக்காரர்களிடையே எதை யார் எடுக்கலாம் என்பதற்கு ஏற்கெனவே வழக்கங்கள் உண்டு. சட்டம் அந்த வழக்கங்களைக் கேட்காமல் உரிமையைத் தலைநகருக்குக் கொண்டுபோனது. இதுதான் அதன் பெரிய குறை என்பேன். 2024இல் யுனெஸ்கோ கெண்டே நெசவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது பெருமைதான், ஆனால் நகலெடுப்பவரைத் தடுக்கும் அதிகாரம் அதில் இல்லை.

அடுத்த சிக்கல் கடல் கடந்தது. அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் பட்டமளிப்பு நாளில் கெண்டே சால்வை போட்டுக்கொள்கிறார்கள். அடிமைக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்கள். அவர்கள் கெண்டேக்கு உரிய சமூகத்தின் உள்ளேயா, வெளியேயா? நாட்டின் எல்லையை வைத்து உரிமை வழங்கும் எந்தச் சட்டத்துக்கும் இதற்குப் பதில் இல்லை.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் பகுதியில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா மக்கள் பின்னும் இனிப்புப்புல் கூடைகளும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கைவேலைதான். இவற்றைக் காக்க ஒரு வழி ஏற்கெனவே அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வகுடிகள் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பின்னுவதற்கு யாரையும் தடுக்காமல், பொய் சொல்லி விற்பதை மட்டும் தடுக்கும் இந்த ஏற்பாட்டைக் கல்லா கூடைகளுக்கும் நீட்டிக்கலாம். பெரிய சீர்திருத்தத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

தனியுரிமையை இறுக்குவதே தீர்வு என்று நினைப்பவர்கள் ஜமைக்காவைப் பார்க்க வேண்டும். ‘ரிடிம்’ என்ற ஒரே தாளப் பின்னணியின் மேல் பலர் பாடுவது அங்கே மரபு. ஸ்டீலியும் கிளீவியும் 1989இல் உருவாக்கிய ‘ஃபிஷ் மார்க்கெட்’ தாளத்தின் மேல்தான் ரெகேடான் இசை எழும்பியது என்று 2021இல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போடப்பட்டது. 1,800க்கு மேற்பட்ட பாடல்கள் அதில் இழுக்கப்பட்டன. கோடிகள் சம்பாதித்த துறை தன் மூலத்துக்குப் பணம் தர வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு தாளமே தனிச்சொத்தானால், நாளை அதைத் தொடப் பயப்படப்போவது கிங்ஸ்டனின் ஏழை இளைஞர்தான்.

உரிமையை அரசிடம் கொடுப்பது, தனிச்சொத்தாக்குவது என்ற இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே நடக்க முயல்கிறது 2010இல் நமீபியாவின் ஸ்வாகோப்முண்டில் கையெழுத்தாகி 2015இல் நடைமுறைக்கு வந்த ஆப்பிரிக்க ஒப்பந்தம். உரிமை அரசுக்கு அல்ல, சமூகத்துக்கு. சிறப்பு மதிப்புள்ள படைப்புகளை அனுமதியின்றித் தொடக் கூடாது. மற்றவற்றை எடுப்பவர் மூலத்தைச் சொல்ல வேண்டும், லாபத்தில் நியாயமான பங்கு தர வேண்டும். சமூகத்தின் உள்ளே வழக்கமான புழக்கத்தைத் தடுக்கக் கூடாது. நான் பார்த்தவரை மிகத் தெளிவான வரைவு இதுவே. ஆனால் கையெழுத்திட்ட ஆப்பிரிக்க நாடுகளைத் தாண்டி இது செல்லாது, நகலெடுக்கும் ஆலைகளும் இசை நிறுவனங்களும் பெரும்பாலும் வெளியில் இருக்கின்றன.

உலக அளவிலான முயற்சியும் புதிதல்ல. படைத்தவர் தெரியாத, வெளியிடப்படாத படைப்புகளை அரசு அமைப்பு ஒன்று காக்கலாம் என்ற பிரிவு 1967இல் பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. அப்படி ஓர் அமைப்பை முறைப்படி அறிவித்த நாடு இந்தியா. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு 2000இல் ஒரு குழுவை அமைத்தது. 2024 மே மாதம் அதன் உழைப்பில் வந்த ஒப்பந்தம் மரபணு வளங்களையும் அவை சார்ந்த மரபறிவையும் மட்டுமே தொடுகிறது. பாட்டு, நெசவு, நடனம் குறித்த வரைவு இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. அதில் பயனாளிகள் என்று பேசப்படுவது ‘பூர்வகுடிகளும் உள்ளூர்ச் சமூகங்களும்’. சார்ல்ஸ்டனில் கூடை பின்னும் பெண்களும் டிரினிடாட்டின் ஸ்டீல்பேன் குழுக்களும் ‘உள்ளூர்ச் சமூகம்’ என்பதில் அடங்குவார்கள் என்று அந்த வரைவில் எழுதிவைக்க வேண்டும்.