தேக்குப் பலகையும் செட்டிநாட்டுச் சுவரும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பிரிக்கப்பட்ட பழைய வீடுகளின் தூண்களும் நிலைகளும் கதவுகளும் உத்திரத் துண்டுகளும் கடைகடையாக விலைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பர்மாவில் தொழில் நடத்திய காலத்தில் கப்பலேறி வந்த தேக்கும் அவற்றில் உண்டு. பல பத்தாண்டுகள் கூரையின்கீழ் இருந்து ஈரம் வற்றிப்போன மரமாகையால் இனி அது அதிகமாகக் கோணுவதில்லை. இயல்பாக ஊறியுள்ள எண்ணெய்ச் சத்தினால் கறையானும் அதை எளிதில் அண்டுவதில்லை. புத்தகத் தட்டொன்றைத் தம் கையாலேயே செய்து சுவரில் மாட்ட விரும்புகிறவர்களுக்கு இதனினும் உத்தமமான மரம் கிடைப்பது அரிது.

பலகையின் தடிமனை இரட்டிப்பாக்கினால், அதே பாரத்துக்கு அதன் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது; தாங்கிகளுக்கு இடையேயுள்ள தூரத்தை இரட்டிப்பாக்கி அதையும் புத்தகங்களால் நிரப்பினாலோ தொய்வு 16 மடங்காகப் பெருகுகிறது. ஆகவே தாங்கிகளை இரு முனைகளிலும் வையாமல், நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி அமைப்பதே விவேகம்.

சுமை கீழ்நோக்கி அழுத்துகிறது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் சுவரை விட்டு நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு, தாங்கியின் கீழ்முனையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மேல் திருகாணியை வெளியே பிடுங்கவும் முயல்கிறது. 25 செ.மீ. அகலமுள்ள தட்டில் 20 கிலோ பாரம் பரவியிருக்குமானால், தாங்கியின் உயரமும் 25 செ.மீ. ஆக இருக்கையில் மேல் திருகாணிகளை இழுக்கும் விசை மொத்தம் சுமார் 10 கிலோ. உயரத்தைப் பாதியாக்கினால் அவ்விசை 20 கிலோ ஆகிவிடும். தாங்கியின் நீண்ட கை சுவரோடு படிந்திருக்க வேண்டுமென்று ஆசாரிகள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

இனி, எல்லாவற்றிலும் பிரதானமானது சுவர். சுண்ணாம்பும் மணலும் கடுக்காய் நீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றிய செட்டிநாட்டுச் சுவரில் சுத்தியலால் ஆணி அறைந்தால், அந்த வழவழப்பான மேற்பரப்பு கண்ணாடிபோல் கீறல்விடும்; ஆணியும் பூச்சை மட்டுமே பற்றி நிற்குமேயன்றிச் செங்கல்லைப் பற்றாது. முற்காலத்தில் சுவரைத் துளைத்து மரக்கட்டையை இறுக்கி, அதில் திருகாணியை ஏற்றுவார்கள். லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் 1911-ஐ ஒட்டி நாரினாலான சிறு செருகு ஒன்றை அமைத்தார். 1958-இல் ஜெர்மானியரான ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். திருகாணி முடுக்க முடுக்கச் செருகு விரிந்து துளையின் பக்கங்களை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் பிறக்கும் உராய்வே திருகாணி வெளியே பிடுங்கப்படாமல் பிடித்து வைக்கிறது. எனவே பூச்சைக் கடந்து, செருகு முழுவதும் செங்கல்லுக்குள் இறங்குமளவு ஆழமாகத் துளைக்க வேண்டும். துளைக்கும் இயந்திரத்தின் சுத்தியல்போல் அடிக்கும் இயக்கத்தை நிறுத்திச் சுழற்சியை மட்டும் பயன்படுத்த வேண்டும். உள்ளே தங்கிய தூளை ஊதி அகற்றவும் வேண்டும். தூள் இருக்குமிடத்தில் பிடிப்பு இராது.

இத்தனையும் தெரிந்த பிறகும், முட்டைப் பூச்சு பழுதின்றி மிஞ்சியிருக்கும் சுவரைத் தயவுசெய்து துளைக்காதீர்கள். சுவருக்குள்ளேயே பதித்த அலமாரி இருந்தால் அதற்குள் பலகையைப் பொருத்திக்கொள்ளுங்கள். இல்லையேல் பிற்காலத்தில் சிமெண்டு பூசிய சுவரைத் தேடுங்கள். உடைந்த பூச்சை அதே வழவழப்போடு திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே.